இதய அடைப்பு உள்ளவர் குறட்டை விட்டால்: வீட்டில் கவனிப்பது முதல் சிபாப் மெஷினோடு பழகுவது வரை

என் அப்பாவுக்கு இதயத் தமனியில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏழு மாத்திரைகளின் பெயர் இருந்தது; உப்பைக் குறைக்கவும் தினமும் நடக்கவும் சொல்லியிருந்தது; அவர் எப்படித் தூங்குகிறார் என்ற கேள்வி மட்டும் எங்கும் இல்லை. மருத்துவமனையை மட்டும் குறை சொல்ல முடியாது, நாங்களும் வாய் திறக்கவில்லை. அம்மாவுக்கு இருபது வருடமாகத் தெரியும். உரத்த குறட்டை சட்டென்று அறுந்துபோகும், அறை அமைதியாகிவிடும், அம்மா விழித்துக்கொண்டு காத்திருப்பார், பிறகு ஒரு பெரிய திணறலோடு மூச்சு திரும்பி வரும். "நின்னு நின்னு வருதுப்பா" என்று அவர் பலமுறை சொன்னதைக் குறட்டை பற்றிய புலம்பல் என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம். தூக்கத்தில் இப்படி மூச்சு நின்று நின்று வருவதற்கு உறக்க மூச்சுத்தடை என்று பெயர்.

அதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். வீட்டில் எதைக் கவனிப்பது, அதை எப்படிக் குறித்து மருத்துவரிடம் கொண்டுபோவது, பரிசோதனை முடிவை எப்படிப் படிப்பது, காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷினை வாங்கினால் அதை அலமாரியில் தூங்கவிடாமல் எப்படிப் பயன்படுத்துவது என்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரு மூச்சுத்தடையின்போது நடப்பது

விழித்திருக்கும்போது தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் தசைகள் உறக்கத்தில் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் மென்மையான மேல் அண்ணமும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுகின்றன. குறைந்தது 10 விநாடி காற்று முற்றிலும் நின்றால் அதை ஆப்னியா என்றும், முற்றிலும் நிற்காமல் காற்றோட்டம் வெகுவாகக் குறைந்து ஆக்சிஜனும் சரிந்தால் ஹைபாப்னியா என்றும் கணக்கிடுகிறார்கள்.

அந்த 10, 20, 40 விநாடிகளில் நெஞ்சு சும்மா இருப்பதில்லை. அடைபட்ட பாதை வழியாகக் காற்றை இழுக்க அது போராடுகிறது. அந்த இழுப்பில் நெஞ்சுக்கூட்டின் உள்ளே அழுத்தம் கடுமையாகக் குறைந்து, இதயச் சுவர்கள் வெளிப்புறமாக இழுபடுகின்றன. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. ஆபத்தை உணர்ந்த மூளை அட்ரினலின் வகைச் சுரப்புகளைக் கொட்டி, உறங்குபவரை அரைகுறையாக எழுப்புகிறது. தொண்டை திறக்கிறது, திணறலோடு மூச்சு வருகிறது, அதே நொடியில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறுகின்றன. காலையில் இதில் ஒன்றும் அவருக்கு நினைவிருக்காது.

ஏற்கெனவே அடைப்பு உள்ள இதயத்துக்கு இது ஏன் கூடுதல் சோதனை என்றால், இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் பாய்வது இதயம் சுருங்கும்போது அல்ல, அது விரிந்து ஓய்வெடுக்கும் இடைவெளியில்தான். துடிப்பு வேகமானால் அந்த இடைவெளி குறுகுகிறது. ஆக, ரத்தத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் கணத்தில் இதயத்தின் தேவை மிக அதிகமாகவும், அதற்குக் கிடைக்கும் ரத்தம் குறைவாகவும் ஆகிவிடுகிறது. மணிக்கு 30 முறை இப்படி நடந்தால், ஏழு மணி நேர உறக்கத்தில் 210 முறை.

இது ஒரே இரவோடு முடிவதும் இல்லை. ஆரோக்கியமான ஒருவருக்கு உறக்கத்தில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். மூச்சுத்தடை உள்ளவர்களில் பலருக்கு அந்த இறக்கமே இருக்காது. ஆக்சிஜன் இறங்கி ஏறி, இறங்கி ஏறி வரும்போது ரத்தக்குழாயின் உட்படலம் பாதிக்கப்பட்டு, குழாயை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, அழற்சி கூடுகிறது, இன்சுலினுக்கு உடல் சரியாக மசிவதில்லை. தமனிச் சுவரில் கொழுப்புப் படிவு வளர இவை எல்லாமே துணைபோகின்றன. உயர் ரத்த அழுத்தம், இதயத் தமனி நோய், இதயச் செயலிழப்பு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத்துடிப்பு ஆகியவை உள்ளவர்களில் 40 முதல் 80 சதவீதம் பேருக்கு உறக்க மூச்சுத்தடை இருப்பதாக 2021-இல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. உடல் பருமன், சர்க்கரை, வயது ஆகியவை இரண்டு நோய்களுக்கும் பொதுவான காரணங்கள் என்பதையும் இதோடு சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

நேரத்தைப் பற்றிய ஒரு தகவல் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. திடீர் இதய மரணங்கள் பொதுவாக விடிந்த பின் வரும் மணி நேரங்களில் அதிகம். ஆனால் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முன்னர் உறக்கப் பரிசோதனை செய்துகொண்டு பின்னர் திடீர் இதய மரணம் அடைந்த 112 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டபோது, மூச்சுத்தடை இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையில் இறந்திருந்தார்கள். மூச்சுத்தடை இல்லாதவர்களில் அது 21 சதவீதம். இரவின் பிற்பாதியைப் பற்றிக் கீழே மீண்டும் சொல்வேன்.

வீட்டில் கவனிக்கும் முறை

உடன் படுப்பவரின் சாட்சியம்தான் முதல் பரிசோதனை. ஒரே இரவில் முடிவுக்கு வராமல் மூன்று இரவுகள் கவனியுங்கள். அவற்றில் ஓர் இரவாவது அதிகாலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் இருக்கட்டும். படுத்த அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று போய்விட்டால் பாதி விஷயம் கிடைக்காது. மங்கலான விளக்கில், நெஞ்சும் வயிறும் தெரியும்படி, முகத்தையும் சேர்த்துக் கைபேசியில் பத்து நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு நிற்கும் இடத்தில் மனத்துக்குள் எண்ணாமல் கைபேசியின் விநாடி ஓட்டத்தைப் பாருங்கள், ஏனென்றால் பதற்றத்தில் எண்ணும்போது எல்லோரும் வேகமாக எண்ணிவிடுகிறோம். அம்மா எப்போதும் "ஒரு நிமிஷம் நிக்குது" என்பார். வீடியோவில் பார்த்தபோது 38 விநாடி. அதுவே போதுமான அளவுக்குப் பயமாக இருந்தது.

மூச்சு நின்றிருக்கும்போது நெஞ்சும் வயிறும் என்ன செய்கின்றன என்பதையும் பாருங்கள். வயிறு உப்பும்போது நெஞ்சு உள்வாங்குவதும், இரண்டும் ஊசலாடுவது போல மாறி மாறி அசைவதும் தொண்டை அடைப்பின் அடையாளம். போராட்டமே இல்லாமல் எல்லாம் அசைவற்றுக் கிடந்து, பிறகு மூச்சு மெல்ல மெல்லப் பெரிதாகி மீண்டும் மெல்ல அடங்கினால், மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளையே வராத மைய வகை மூச்சுத்தடையாக இருக்கலாம். இது இதயம் பலவீனமானவர்களிடம் காணப்படுவது, இதற்கான சிகிச்சையும் வேறு. தரம் பிரிப்பது உங்கள் வேலை அல்ல, வீடியோவை மருத்துவரிடம் காட்டுவதுதான்.

பகலில் கேட்க வேண்டியவை வேறு: காலையில் தலைவலி, உலர்ந்த வாய், எட்டு மணி நேரம் படுத்தும் தீராத அசதி, பேப்பர் படிக்கும்போதே தலை சாய்தல், மூன்று பி.பி. மாத்திரைகளுக்கும் அடங்காத ரத்த அழுத்தம். இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவதையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் அதைச் சர்க்கரையின் தலையிலோ புராஸ்டேட் தலையிலோ கட்டிவிடுவார்கள். ஆனால் நெஞ்சுக்குள் ஏற்படும் அந்த இழுவிசை இதயத்தின் மேலறைகளை விரித்து, சிறுநீரைக் கூட்டும் ஒரு ஹார்மோனைச் சுரக்க வைப்பதும் ஒரு காரணம்.

டொராண்டோவில் மயக்க மருந்து நிபுணர் பிரான்சஸ் சங் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஸ்டாப்-பேங் வினாப்பட்டியலை வீட்டிலேயே நிரப்பலாம். உரத்த குறட்டை, பகல் அசதி, மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்திருப்பது, உயர் ரத்த அழுத்தம், பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.-க்கு மேல், ஆண் என்ற எட்டுக்கும் ஆளுக்கொரு மதிப்பெண். 3 அல்லது 4 வந்தால் நடுத்தர வாய்ப்பு, 5 முதல் அதிக வாய்ப்பு. கழுத்தை அளக்க டேப் இல்லையென்றால் சட்டைக் காலரைப் பாருங்கள். 16 அங்குலக் காலர் என்றால் எல்லையைத் தொட்டாயிற்று. இந்தப் பட்டியலில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நம் ஊரில் பி.எம்.ஐ. 27, 28 இருப்பவர்களுக்கே வயிற்றில் கொழுப்பும் சிறிய தாடையும் சேர்ந்து மூச்சுத்தடை இருக்கிறது; 35 என்ற எல்லைக்காகக் காத்திருந்தால் பலருடைய நோய் கண்ணில் படாமலே போகும். பெண்களும் அப்படியே. மாதவிடாய் நின்ற பிறகு அவர்களுக்கும் ஆபத்து கூடுகிறது, ஆனால் அவர்கள் குறட்டையைவிட உறக்கமின்மை, அசதி, தலைவலி என்றே சொல்வதால் சந்தேகம் அந்தப் பக்கம் போவதில்லை.

"எனக்குப் பகலில் தூக்கமே வருவதில்லை, எனவே எனக்கு இது இல்லை" என்ற வாதத்தையும் ஏற்க வேண்டாம். இதய நோயாளிகளில் கணிசமானவர்களுக்குக் கடுமையான மூச்சுத்தடை இருந்தும் பகல் தூக்கம் இருப்பதில்லை. கொரோனா காலத்தில் வாங்கிவைத்த விரல் ஆக்சிமீட்டரை விழித்திருக்கும்போது மாட்டி 97 காட்டுகிறது என்று நிம்மதி அடைவதிலும் பொருள் இல்லை.

மருத்துவரிடம் போகும்போது

முதலில் இதய மருத்துவரிடமே சொல்லுங்கள். வீடியோ, மூன்று இரவுக் குறிப்பு, ஸ்டாப்-பேங் மதிப்பெண், கடைசி எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கை, மாத்திரைச் சீட்டு ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, "உறக்கப் பரிசோதனை தேவையா" என்று நேரடியாகக் கேளுங்கள். அவர் நுரையீரல் மருத்துவரிடமோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ, உறக்க மருத்துவம் தெரிந்தவரிடமோ அனுப்புவார். மாரடைப்பு வந்த சில நாட்களுக்குள் எடுக்கும் பரிசோதனை உண்மையைவிட மோசமான எண்ணைக் காட்டக்கூடும் என்பதால், உடல் நிலைப்பட்ட சில வாரங்களுக்குப் பிறகு எடுப்பதே நல்லது.

மாத்திரைச் சீட்டில் டிகாக்ரெலார் இருந்தால் அதையும் சுட்டிக்காட்டுங்கள். ஸ்டென்ட் அடைபடாமல் காக்கும் அந்த மருந்து சிலருக்கு மைய வகை மூச்சுத்தடையை உண்டாக்கலாம் என்பது மருந்துக் குறிப்பிலேயே உள்ளது. ஆனால் அதைத் தானாக நிறுத்துவது ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைய வழி செய்யும், எனவே கேள்வி கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பரிசோதனை இரு வகை. வீட்டுக்கே கொடுத்தனுப்பும் சிறு கருவியில் மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை, விரலில் ஆக்சிமீட்டர் இருக்கும். மருத்துவமனையில் ஓர் இரவு தங்கிச் செய்யும் முழுப் பரிசோதனையில் மூளை அலை, கண் அசைவு, இ.சி.ஜி. எல்லாம் பதிவாகும். இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கும், பக்கவாதம் வந்தவர்களுக்கும், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் இரண்டாவதே உகந்தது. வீட்டுக் கருவி உறக்க நேரத்தை அல்ல, பதிவு நேரத்தையே வகுத்துக் கணக்கிடுவதால், புரண்டு புரண்டு விழித்துக் கிடந்தவரின் எண் குறைவாகவே வரும். அறிகுறி பலமாக இருந்து வீட்டுப் பரிசோதனை சரி என்று வந்தால் அங்கேயே விட்டுவிடாதீர்கள்.

ரிப்போர்ட்டில் எல்லோரும் முதலில் தேடுவது ஏ.எச்.ஐ. என்ற எண், அதாவது ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடைகள் என்பது. 5-க்குக் கீழ் இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-உம் அதற்கு மேலும் கடுமை. இதய நோயாளி அந்த ஒரு எண்ணோடு நிற்கக் கூடாது. ஆக்சிஜன் எவ்வளவு கீழே போனது, 90-க்குக் கீழே மொத்தம் எத்தனை நிமிடம் இருந்தது என்பவை இதயத்தைப் பொறுத்தவரை அதைவிடப் பேசும் எண்கள். தடைகளில் எத்தனை தொண்டை அடைப்பு, எத்தனை மைய வகை என்பதையும், மல்லாந்து படுத்தபோது எண் எவ்வளவு கூடியது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மெஷின் மாரடைப்பைத் தடுக்குமா

சிபாப் என்பது மூக்கில் மாட்டும் மாஸ்க் வழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி. சிட்னியில் காலின் சல்லிவன் 1981-இல் வெளியிட்ட முறை. தொண்டை அடைப்பு வகைக்கு இன்றும் இதுவே முதன்மைச் சிகிச்சை. ஆனால் இதை விற்பவர்களில் சிலர் "இதை வாங்காவிட்டால் அடுத்த அட்டாக் நிச்சயம்" என்று பயமுறுத்துவதைக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை.

ஸ்பெயினில் ஆண்களைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2005-இல் வெளியான ஆய்வில், கடுமையான மூச்சுத்தடைக்குச் சிகிச்சை பெறாதவர்களுக்கு இதய நிகழ்வுகள் அதிகமாகவும், சிபாப் பயன்படுத்தியவர்களுக்குக் குறைவாகவும் இருந்தன. ஆனால் 2016-இல் வெளியான சேவ் ஆய்வில், இந்தியா உட்பட ஏழு நாடுகளில், ஏற்கெனவே இதயத் தமனி நோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ இருந்த சுமார் 2,700 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சராசரி 3.7 ஆண்டுகள் கவனித்தபோது, சிபாப் பெற்றவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. பகல் தூக்கம், குறட்டை, மனநிலை ஆகியவை மட்டும் தேறின. அந்த ஆய்வில் மெஷின் போடப்பட்டது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான்; பகலில் மிகுந்த தூக்கம் உள்ளவர்களும், ஆக்சிஜன் கடுமையாக இறங்கியவர்களும் அதில் சேர்க்கப்படவே இல்லை. அதே ஆண்டு வெளியான ஒரு சுவீடன் ஆய்வில் ஒட்டுமொத்தப் பலன் தெரியாவிட்டாலும், இரவுக்கு 4 மணி நேரமோ அதற்கு மேலோ போட்டவர்களுக்கு ஆபத்து குறைந்திருந்தது. மாஸ்க்கை ஒழுங்காகப் போடுபவர் மாத்திரையையும் ஒழுங்காகப் போடுபவராகவே இருப்பார் என்பதால், அந்தப் பலன் முழுவதையும் மெஷின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது.

எனவே என் நிலைப்பாடு இது: கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடினும் ஆஸ்பிரினும் பி.பி. மாத்திரையும் அவற்றின் இடத்தில் இருக்கட்டும், மெஷின் அவற்றுக்கு மாற்று அல்ல. பகல் தெளிவுக்காகவும், வண்டி ஓட்டும்போது கண் அயராமல் இருக்கவும், ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கவும் அதைப் போடலாம். சராசரி இறக்கம் 2, 3 புள்ளிகள்தான், அடங்காத பி.பி. உள்ளவர்களுக்குச் சற்றுக் கூடுதல். போடுவதென்றால் இரவு முழுவதும் போட வேண்டும்.

ஒரு எச்சரிக்கையைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். எக்கோவில் எஜெக்ஷன் ஃபிராக்ஷன் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்து, மூச்சுத்தடை பெரும்பாலும் மைய வகையாக இருந்தால், ஏ.எஸ்.வி. எனப்படும் வேறொரு வகை மெஷினைப் போடக் கூடாது. 2015-இல் வெளியான ஆய்வில் அது அத்தகையவர்களிடம் இதய மரணத்தைக் கூட்டியது. சிபாப்பும் ஏ.எஸ்.வி.யும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வாங்கும் முன் எக்கோ எண்ணை உறக்க மருத்துவர் பார்த்துவிட்டாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மெஷினோடு பழகுதல்

விலை குறைவில்லை, எனவே முதல் மாதம் வாடகைக்கு எடுங்கள். மாஸ்க் சரியாக அமையாததே பலர் கைவிடக் காரணம். கடையில் உட்கார்ந்த நிலையில் பொருத்திப் பார்க்காமல், படுத்து, காற்றை ஓடவிட்டு, பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். மீசை அடர்த்தியாக இருந்தால் மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் சிறிய வகை ஒத்துவரலாம். வாயைத் திறந்து தூங்குபவருக்கு முழு முக மாஸ்க் தேவைப்படலாம். பட்டையை இறுக்கினால் கசிவு நிற்கும் என்று தோன்றும், பெரும்பாலும் கூடத்தான் செய்யும்.

முதல் வாரம் இரவில் தொடங்காதீர்கள். மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போது இருபது நிமிடம் மாஸ்க்கோடு உட்காரட்டும். அழுத்தம் மெல்ல ஏறும் ராம்ப் வசதியைப் போட்டுவிடுங்கள். மூக்கு வறண்டால் ஈரப்பதத் தொட்டியைப் பயன்படுத்துங்கள். அதில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, மீதியைத் தினமும் கொட்டிவிட வேண்டும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊராக இருந்தால் மெஷின் செருகும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு வையுங்கள்.

இப்போது, முன்பு சொன்ன இரவின் பிற்பாதி. கனவு காணும் ரெம் உறக்கம் அதிகாலையை நோக்கித்தான் மிகுதியாகிறது. அப்போது தசைகள் முழுக்கத் தளர்ந்துவிடுவதால் மூச்சுத்தடை நீளமாகி, ஆக்சிஜனும் ஆழமாக இறங்குகிறது. பத்து மணிக்கு மாஸ்க் போட்டு, இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழும்போது கழற்றி, பிறகு போடாமல் படுத்துவிடுபவர், மிகத் தேவையான நேரத்தில் மெஷின் இல்லாமல் தூங்குகிறார். சேவ் ஆய்வின் 3.3 மணி நேரத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். எங்கள் வீட்டிலும் அப்பா இதையே செய்தார். மாஸ்க்கைத் தலையிலிருந்து கழற்றாமல் குழாயை மட்டும் இணைப்பில் விடுவித்துக்கொண்டு போய்வர அவருக்குச் சொல்லிக்கொடுத்த பிறகு, மெஷின் திரையில் மணி நேரம் நான்கிலிருந்து ஆறரைக்குப் போனது. அந்தத் திரையில் பயன்படுத்திய நேரம், கசிவு, மெஷின் போட்டும் மிச்சமுள்ள ஏ.எச்.ஐ. மூன்றையும் வாரம் ஒருமுறை எழுதிவையுங்கள், மிச்ச ஏ.எச்.ஐ. 5-க்கு மேல் நீடித்தால் அழுத்தத்தை மருத்துவர் திருத்த வேண்டும்.

மெஷின் ஒத்துவரவே இல்லை என்றால், லேசான மற்றும் நடுத்தர நிலையில் கீழ்த் தாடையை முன்னால் தள்ளி வைக்கும் பல் கருவியைப் பல் மருத்துவர் செய்து தருவார். மல்லாந்து படுக்கும்போது மட்டும் அதிகமாகிறது என்றால், பழைய பனியனின் முதுகில் ஒரு பை தைத்து அதில் டென்னிஸ் பந்தைப் போட்டுவிடுங்கள். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் சிலருக்குப் போதுமானதாக இருக்கிறது. மது மாலையில் கூடாது, தூக்க மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது, இரண்டும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். எடையில் 10 சதவீதம் குறைந்தால் ஏ.எச்.ஐ. சுமார் கால் பங்கு குறையும் என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு 2000-இல் கணித்தது. உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு டிர்செபடைட் என்ற எடை குறைக்கும் ஊசியை அமெரிக்க மருந்து அமைப்பு டிசம்பர் 2024-இல் அனுமதித்தது. இதய நோயாளி அதை எடுப்பதா என்பது இதய மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியது.

இரவில் திணறி எழுபவர் எழுந்து உட்கார்ந்தால் ஓரிரு மூச்சில் சரியாகிவிடுவார். உட்கார்ந்த பிறகும் மூச்சு வாங்குவது நிற்காமல், நெஞ்சில் இறுக்கமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ, குளிர்ந்த வியர்வையோ இருந்தால் அதை மூச்சுத்தடை என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

பைபாஸோ, கண்புரையோ, பல் பிடுங்குவதோ, மயக்கமோ தூக்க ஊசியோ கொடுக்கும் எந்தச் சிகிச்சையாக இருந்தாலும் மயக்க மருந்து நிபுணரிடம் ஏ.எச்.ஐ. எண்ணையும் மெஷினின் அழுத்தத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறுவை முடிந்த முதல் இரவுகளில், வலி மருந்தின் மயக்கத்தில், தொண்டை வழக்கத்தைவிட எளிதாக அடைபடும். மருத்துவமனைக்கு எடுத்துப்போகும் பையில் லுங்கி, துண்டு, பிளாஸ்க் ஆகியவற்றோடு மெஷினையும், அதன் மாஸ்க்கையும், ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் வையுங்கள். வார்டில் பிளக் எப்போதும் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில்தான் இருக்கும்.